தகரக் குழலில் வந்த விசாரிப்பு

நேற்று வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அண்ணன் மகன், சூட்டோடு ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றபடி, "அத்த, அந்தக் காலத்துல கொட்டாயில படம் சொல்லுவாரே, நம்ம தெருப் பெரியவரு, அவரு போயிட்டாரு" என்றான். கடலை கொஞ்சம் கருகிவிட்டது.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. சண்டைக் காலத்தில் நான் வாழ்க்கைப்பட்ட கடலூரில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். மணல் தரை, நடுவில் ஒரு தட்டி, இந்தப் பக்கம் பெண்கள். படத்துக்கு முன்னால் யுத்தச் செய்தி ஓடும். எல்லாம் இங்கிலீஷ். திரைக்குப் பக்கத்தில் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு நின்று அவர்தான் தமிழில் சொல்வார். கணீரென்ற குரல். என் பிறந்த ஊர்க்காரர் என்பதில் எனக்குப் பெருமை. அதை வெளியே சொல்லத்தான் வாயில்லை.

கல்யாணமாகி ஒரு மாதத்தில் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். பர்மாப் பக்கம் என்றார்கள். அப்புறம் ஒரு கடுதாசி இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. மாமியார் வாராவாரம் என்னை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார், மகன் முகத்தைத் தேட.

"தோ போறான் பாரு! அவன்தானடி?"

நான் என்ன சொல்வேன்? புதுப்பெண் புருஷனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய கால் விரல்கள்தான். பட்டாளத்தில் எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டாள். "ஏங்க்கா, போன வாரம் குட்டையா இருந்தான் உம்புள்ள, இந்த வாரம் நெட்டையாயிட்டானே! பட்டாளத்துச் சோறு ஜாஸ்தியோ?"

ஒருநாள் மாமியார் எழுந்து நின்று கத்தியே விட்டார்: "ஏம்பா, படம் சொல்ற தம்பி! அது எம்புள்ளயான்னு சொல்லுப்பா!"

கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குழலை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அவுருதாம்மா. ஒடம்பப் பாத்துக்கச் சொல்றாரு. ஊட்டுல அந்தப் பொண்ணு நல்லா சாப்புடுதான்னு கேக்குறாரு."

நான் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

சண்டை முடிந்து வீட்டுக்காரர் திரும்பி வந்தார். நல்ல மனுஷர், பேச்சுதான் கிடையாது. "தண்ணி", "வெளக்கு" என்பதற்கு மேல் வராது. சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் போய் வருஷங்களாகிறது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. என் வீட்டுக்காரர் என்னைப் பற்றிக் கேட்டது கொட்டகையில் அந்த ஒரு தடவைதான். கேட்ட குரலும் இப்போது போய்விட்டது.