அவர் பாட்டை அவருக்கு முன்னால் பாடினேன்

எங்கள் ஏலக்காய்க் கடையின் பின்சுவருக்கும் தேவாலயத்துக்கும் நடுவே ஒரு சந்துதான். அந்தத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பல வருடம் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடினேன். ஈஸ்டருக்கு முந்தின நாள் ஒத்திகையில் குழுத் தலைவர் கீபோர்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, நாளைக்கு நீங்க வாய மட்டும் அசைங்க. சத்தம் வேணாம்."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் பட்டுச்சேலை கட்டிப் போய், நின்று, வாயை அசைத்தேன். அதோடு குழுவை விட்டு விலகினேன். அவரை என்ன செய்யலாம் என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

முதலில் என் பாட்டை போனில் பதிந்து கேட்டேன். அவர் சொன்னது பொய்யில்லை. தொண்டையை இறுக்கிப் பாடியிருந்தேன். இழுத்து நிற்கும் இடங்களில் சுருதி இறங்கியது. இத்தனை வருடமும் அது அவர் காதில் விழுந்திருக்கிறது, ஒரு நாள்கூடத் திருத்தவில்லை. அதற்காகவே அவரை மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

குடோனில் மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் எடைக்கல்லை வைத்து, மூச்சு இழுக்கும்போது கல் எழுகிறதா என்று பார்த்தேன். பல்லிடுக்கில் காற்றைச் சீராக விட்டுப் பழகினேன். போனில் ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, என் குரல் அதில் கரைகிறவரை முனகினேன். சோலியைப் பார்க்கச் சொன்னார் வீட்டுக்காரர். இதுதான் என் சோலி என்றேன்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தகரக்கூரை போட்ட ஜெப வீடு உண்டு. அங்கே ஏலக்காய் எடுக்கிற பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். ஒரு ஞாயிறு மதியம் ஜீப்பில் ஏறிப் போய், கிறிஸ்துமஸுக்குப் பாட்டு சொல்லித்தரவா என்று கேட்டேன். சம்மதித்தார்கள். சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பழகிய குரல்கள்; பலத்துக்குக் குறைவில்லை. ஒருத்தி குரலை இன்னொருத்தி கேட்கவில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவள் குரலுக்கு மேல் போகாமல் பாடச் சொன்னேன். 'ஆ'வுக்குப் பல் தெரிய இளிக்காமல் தாடையை இறக்கச் சொன்னேன். நீண்ட அடிகளில் ஆளுக்கொரு இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுபடாது என்று பாடிக் காட்டினேன். "மதி சேச்சி, தொண்ட வறண்டு போச்சு" என்று பாதி மலையாளத்தில் போதும் என்பார்கள். விடமாட்டேன்.

மழை பிடித்த நாட்களில் கீழே ஊரில் குழுத் தலைவரின் கிறிஸ்துமஸ் ஒத்திகை தொடங்கியது. சந்து வழியாக எல்லாம் கடைக்குள் கேட்டது. சொல்லுக்கு நடுவே மூச்சு வாங்கினார்கள். கடைசி எழுத்தை ஆளுக்கொரு நேரத்தில் விட்டார்கள். அவர்கள் பாடிய அதே பாட்டைத்தான் மலையில் சொல்லிக்கொடுத்தேன், அந்தப் பிழைகள் ஒன்றும் இல்லாமல்.

ஊர்ச் சபைகள் சேர்ந்து நடத்தும் கேரல் ஆராதனையில் சின்னக் குழுக்கள் முதலில் பாடும். அவர் குழு கடைசி. எங்கள் பாட்டு எதுவென்று கேட்டவர்களிடம், இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவைத்திருந்தேன்.

கீபோர்டு இல்லாமல், போனில் ஒரே ஒரு சுரம் கேட்டுத் தொடங்கினோம். முதல் அடியிலேயே அவர் தலை நிமிர்ந்தது. நான் வரிசையில் நின்று அவரைப் பார்த்தபடி பாடினேன். குரல்கள் பிரிந்து திரும்பச் சேர்ந்தபோது சபையில் ஓர் அசைவில்லை. அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

அவர் குழுவின் முறை வந்தபோது அவர்களிடம் வேறு பாட்டு தயாராக இல்லை; அதையே பாடினார்கள். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆண்குரல்கள் கீபோர்டின் சுருதியை விட்டு இறங்கின; பெண்கள் பயத்தில் வேகம் பிடித்தார்கள். அன்றைக்குச் சிரித்த இருவரும் தரையைப் பார்த்துப் பாடினார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

திரும்பும்போது ஜீப்படியில் ஒருத்தி, அது அவர்களுடைய பாட்டு என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் பாடியிருக்க மாட்டீர்கள் என்றேன். அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு, எப்படியும் நாம்தானே நன்றாகப் பாடினோம் என்றாள்.

புது வருடம் பிறந்த பிறகு அவர் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பகைய வச்சுப் பாடுறது ஒரு பாட்டா, தங்கச்சி?"

"பகை இல்லேன்னா நான் மூச்சு விடக்கூடக் கத்துக்கிட்டிருக்க மாட்டேண்ணே."

அவர் படியிறங்கிப் போனார். அன்று முழுக்க எனக்கு வியாபாரம் இனித்தது.