பின்சீட்டுக்கு ஒரு சாய்மானம்

மயிலாப்பூரில் மெட்ரோ ரயிலுக்காகத் தெருத் தெருவாகத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் என் இடுப்பு கெட்டுப்போனது. லஸ்ஸிலிருந்து கிளம்பினால் தடுப்பு, சுற்றுவழி, இரும்புத் தகடு, அது முடிந்ததும் ஒரு பள்ளம். காலையில் என் கணவர் திருவான்மியூரில் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் போகிற வழியில் பைக்கில் என்னை அடையாறில் என் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் ஏற்றிக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. பைக் மூன்று தடவை மாறியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை.

எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடவும் நாலு வார்த்தை பேச வேண்டுமே. மகன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனதும் வீட்டில் மிச்சமிருந்த பேச்சும் போய்விட்டது. பால் வந்ததா, கேஸ் புக் செய்தாயா, அவ்வளவுதான். அவருடைய குறட்டைக்குப் பயந்து நான் ஹாலில் படுக்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஆக, ஒரு நாளில் நான் என் கணவரைத் தொடுவது பைக்கில்தான். வலது கை அவர் தோளில் இருக்கும். சீட்டு முன்பக்கம் சரிவு என்பதால், பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டுபோய் அவர் முதுகில் இடிப்பேன். இரண்டு ஹெல்மெட்டும் டொக்கென்று மோதும். அவர் "ம்" என்பார். நானும் "ம்" என்பேன். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் தோளில் தட்டுவேன். இதற்கெல்லாம் ஒரு மதிப்பு உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வலிதான் பெரிதாகத் தெரிந்தது.

"இனிமே இந்த சீட்ல என்னால உக்கார முடியாது. ஆட்டோல போய்க்கிறேன்" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். வழக்கம்போல் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு, சீட்டு பார்க்கலாம்" என்றார்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. முதலில் தயாராக இருந்த சீட்டுகளைப் பார்த்தோம். ஒன்று ஓட்டுகிறவருக்கு மட்டும் சொகுசு, பின்னால் பலகை. இன்னொன்றில் உட்கார்ந்ததும் நான் உள்ளே போய்விட்டேன். அவர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "ரொம்ப மெத்துனு இருந்தா ஆறு மாசத்துல அமுங்கிடும். இவங்களுக்கு அடி இடுப்புல, இடது பக்கம்தான் வலி. காலைல எழுந்ததும் ஜாஸ்தி. உக்காந்து எழுந்தா அந்தக் கால் மரத்துப்போகுது" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கால் மரத்துப்போவதை நான் அவரிடம் சொன்னதேயில்லை. மகனிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

கடைக்காரருக்கு அப்பா வயது, நைனா என்று கூப்பிட்டால் திரும்புவார். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி எங்களை ஏற்றினார். "ரெண்டு பேரும் பத்து நிமிசம் அப்டியே குந்துங்க. பேசாதீங்க, ஆடிடும்" என்றார். பேசாமல் உட்காருவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அவர் சுற்றிச் சுற்றி வந்து சீட்டின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"இன்னா சார் இது, மேடம் வழுக்கிக்கினே கீறாங்க. அவங்க வெயிட்டு மொத்தமும் உங்க முதுகுலதான் கீது. இத்தினி வருசம் எப்டி சார் ஓட்னீங்க?"

"பழகிடுச்சு" என்றார் என் கணவர்.

அது குறையா, குறையில்லையா என்று எனக்குப் புரியவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் ஒரு படி வைத்து, பின்சீட்டைச் சமமாக்கி, கெட்டி ஸ்பான்ஜ் போட்டுத் தைத்தார்கள். "மேடம் கைக்கு ஒரு புடி, முதுகுக்கு ஒரு சாய்மானம்" என்று கடைக்காரரே சொல்லி, இரண்டு பக்கமும் கம்பியும் பின்னால் சாய்மானமும் மாட்டினார். மறுநாள் காலை அடையாறில் இறங்கியபோது கால் மரத்திருக்கவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "சொர்க்கம்" என்றேன். அவர் சிரித்தார். அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

ஒரு மாதம் கழித்துத்தான் என்னவோ குறைகிறது என்று உறைத்தது. பிரேக் போட்டால் நான் நகர்வதில்லை. ஹெல்மெட் மோதுவதில்லை. "ம்" இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம், அதில் என் சாப்பாட்டுப் பை. கை கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. எங்காவது நிறுத்த வேண்டுமென்றால் மட்டும் அவர் தோளைத் தொடுகிறேன். இத்தனை ஜனம் போகிற சாலையில், புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். சீட்டைக் கேட்டதும் நான்தான், அதைப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

போன வாரம் சாயங்காலம் அடையாறு பாலத்தில் நல்ல காற்று. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவர் தோளில் கையை வைத்தேன்.

உடனே இண்டிகேட்டர் போட்டார். பாலம் இறங்கியதும் இடது ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என்ன, வலிக்குதா?"

"இல்ல."

"ஆபீஸ்ல எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?"

"இல்லங்க. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குத் தொட்ட?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"சும்மாதான். போங்க" என்றேன்.

"முன்னாடி வராத, இடுப்பு பிடிச்சுக்கும். நல்லா பின்னாடி சாஞ்சுக்க, அதுக்குத்தானே போட்டது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாய்ந்துகொண்டேன். வீடு வரும்வரை வலியே இல்லை.