நல்ல வகைக் கட்டி

கட்டிக்கு முன்னால் அரிப்புதான் வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் மாமியார் வீடு. கணவர் வாடகைக்கு டிராக்டர் ஓட்டினார். தோல் கிழிகிற வரை சொறிவேன். நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருக்கும். காலையில் பாய் வியர்வையில் ஊறி, புளித்துப்போன கஞ்சி மாதிரி நாறும். என் நாற்றம் எனக்கே குமட்டியது. மாமியார் என் தட்டையும் டம்ளரையும் எடுத்து மாட்டுக் கொட்டகை ஓரம் வைத்துவிட்டார்.

"சொறி புடிச்சவ தட்டு வூட்டுக்குள்ள இன்னாத்துக்கு?" என்றார்.

பிறகு கழுத்தின் இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று எழும்பியது. வலி இல்லை. டவுன் டாக்டர் ஒருவர் டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் விழுங்கினேன். கட்டி பெருத்தது, நான் இளைத்தேன். மாமியாரின் அண்ணன் எங்கிருந்தோ ஒரு நாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் பச்சிலையை வாயில் போட்டு மென்று, எச்சிலோடு அப்படியே என் கழுத்தில் அப்பினான். பச்சை எச்சில் ரவிக்கைக்குள் வழிந்தது. துடைக்கப் போன என் கையை மாமியார் பிடித்துக்கொண்டார்.

வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் வேலை செய்த என் அம்மா, வந்து பார்த்துவிட்டு என் துணிகளைப் பையில் திணித்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணவரும் கூட வந்தார். கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். சாதாரணச் சோதனையில் தெளிவாகத் தெரியவில்லை என்று, அந்தச் சதையை மெட்ராசுக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்தார்.

"நோயை எதிர்க்கிற அணுக்கள் நம்ம உடம்புல இருக்கும்மா. அதுல ஒரு வகை கெட்டுப்போயிருக்கு. எந்த வகைன்னு, அது மேல இருக்கிற அடையாளத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். உங்களுக்கு சி.டி. முப்பது, சி.டி. பதினைஞ்சுன்னு ரெண்டு அடையாளமும் இருக்கு. புற்றுநோய்தான். ஆனா மருந்துக்கு நல்லாக் கேக்கிற வகை. இதுல நிறையப் பேர் குணமாகிறாங்க. உங்களுக்கும் ஆகும்னு சத்தியம் பண்ண முடியாது. நம்பிக்கையா ஊசி போட்டுக்கலாம்."

அம்மா அழுதாள். கணவர் தலையாட்டினார்.

கணவரோடு அவர் வீட்டுக்கே திரும்பினேன். அவர் இதைச் சொன்னதும் மாமியார் காறித் துப்பினார். "புத்துநோயில நல்ல வகைன்னு வேற ஒண்ணு கீதா?"

ஊசி மருந்து ரத்தச் சிவப்பாக இருக்கும். ஏறிய அன்று மூத்திரமும் சிவப்பாகப் போகும். குளியலறைச் சாக்கடையில் என் முடி கொத்தாக அடைத்துக்கொள்ளும். அதை நானேதான் விரலால் இழுத்து எடுக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் வாங்கிவந்து, தாங்களே வெட்டித் தின்றபடி கேட்டார்கள்: "டாக்டரு எவ்ளோ நாளு கெடு குடுத்துகீறாரு?" ஒருத்தி மாம்பழம் கனிந்ததா என்று பார்ப்பதுபோலக் கட்டியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டில் கேசரி கிளறினார்கள். நெய் வாசனை வராமல் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கூடத்தில் புதுக் குரல்கள். கொஞ்ச நேரத்தில், புள்ளலூர்ப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி என் அறைக்குள் வந்தார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஒக்காரும்மா, ஏந்திரிக்காத. இன்னா சொல்றாங்க? தை வரைக்கும் தாங்குமா?"

"இன்னாத்துக்குக் கேக்குறீங்க?"

"எங்க அண்ணன் பொண்ணதான் உன் வூட்டுக்காரருக்குப் பேசிகினு கீறோம். நீ இருக்கசொல்லவே முகூர்த்தம் வச்சா நல்லா இருக்காது பாரு. மாமியாரு உங்கிட்ட சொல்லலியா?"

அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவுமே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

தலைத்துணியை எடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு கூடத்துக்குப் போனேன். மாமியாரின் அண்ணன் மீசையில் கேசரி ஒட்டியிருந்தது. கணவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வந்துகீறது குணமாவற வகைன்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க," என்றேன். "இவரு பக்கத்துல ஒக்காந்துகினுதான் கேட்டாரு."

பெண்ணின் அப்பா, அந்தப் பெண்மணியின் அண்ணன், என் கணவரைப் பார்த்தார். கணவர் தட்டைப் பார்த்தார்.

"வியாதிக்காரி, புத்தி பேதலிச்சிகீது. நீங்க சாப்புடுங்க," என்றார் மாமியாரின் அண்ணன்.

அவர்கள் சாப்பிட்டார்கள். விரலால் வழித்துத் தின்றார்கள். அந்த விரல்களைப் பார்த்ததும் கூடத்து நடுவிலேயே வாந்தி எடுத்தேன். அப்போதுதான் எழுந்தார்கள். எனக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவரும் வரவில்லை. நானே துடைத்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனேன்.

மிச்ச ஊசிகளை அங்கிருந்தே போட்டுக்கொண்டேன். கட்டி கரைந்தது. டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் இல்லை" என்று சிரித்தார். முடி விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தபோது கணவர் வந்தார்.

"அம்மாதான் அவசரப்பட்டுச்சி. நான் இன்னா பண்றது? சி.டி., கீ.டி.ன்னாங்க. அத நம்பலாமா வேணாமான்னு எனக்கு இன்னா தெரியும்? வா, போலாம்."

இருட்டில் வெறுங்காலால் எதையோ மிதித்த மாதிரி இருந்தது. எதிரில் உட்காரக்கூட முடியவில்லை.

"நீங்க போங்க," என்றேன்.

அவர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எனக்கு ஏனாத்தூரில் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்தது. வருஷா வருஷம் செக்கப்புக்குப் போய்வந்தேன். மாமியார் செத்தபோது ஆள் அனுப்பிச் சொன்னார்கள். நான் போகவில்லை.