பத்தாவது ஃபெயிலானவருக்கு முன்னுரிமை

படித்தவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை நான் ஒன்றும் ஒளித்து வைத்ததில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முனை டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டிகிரி வாங்கியவர் ஒருவர் பட்டறைக்குள் வந்தால் முதலில் உட்கார நாற்காலி தேடுவார், அது கிடைத்ததும் குறை தேடுவார். இத்தனை வருடத்தில் இந்த வரிசையை மாற்றிச் செய்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அதிலும் அவரைக் கொண்டுபோய் ஒரு சங்கத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ தலைவராக உட்கார வைத்தீர்கள் என்றால் தீர்ந்தது கதை.

என் மனைவி எம்.காம். அது வேறு. அவள் என் மனைவி, அவளைப் படித்தவர்கள் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை. கனகசெட்டிக்குளத்தில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டறையின் வரவு செலவு, வரி, வங்கி எல்லாம் அவள் கையில். தெருவில் அவளுக்குப் பெயர் 'லேத்துக்காரர் வீட்டம்மா'. என்ன படித்திருக்கிறாய் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்கிற பழக்கம் அவளுக்கும் கிடையாது.

எங்கள் வீடு தெருவின் பள்ளமான கோடியில் இருக்கிறது. ஐப்பசியில் மழை கொஞ்சம் கனமாகப் பிடித்தால் போதும், வாய்க்கால் பொங்கி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் நலம் விசாரிக்க வரும். போன மழைக்கு வாசலோடு நிற்காமல் கூடம், அடுப்படி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு பீரோவின் அடித்தட்டுக்குள்ளும் புகுந்தது. அங்கேதான் அவளுடைய பட்டச் சான்றிதழ் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அவள் அதை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், நாலு மூலைக்கும் கல் வைத்து வெயிலில் காயப்போட்டாள். அச்சடித்தது அப்படியே இருந்தது. கையால் மசியில் எழுதியிருந்த அவள் பெயர் மட்டும் கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ இந்தத் தண்ணி வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் எங்கப்பா வூட்டுக்குப் போயிடுவேன். அங்க கடலு பத்தடியில இருக்கு. ஒரு நாளும் மரியாத இல்லாம உள்ள வந்ததில்ல" என்றாள்.

அவள் சும்மா மிரட்டுகிற ஜாதி இல்லை.

அப்போது எங்கள் தெரு நலச் சங்கத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். தெருவின் மேட்டுப் பக்கத்தில் மாடி வீடு. மழை பெய்தால் அவர் பால்கனியில் நின்று ரசிப்பார், நாங்கள் கீழே வாளியோடு நிற்போம். வாய்க்கால் விஷயமாக அவர் கூட்டம் போட்டார். பிள்ளையார் கோயில் பக்கத்தில் பெட்ஷீட்டைக் கட்டி அதன் மேல் படம் ஓட்டினார். மஞ்சள் வட்டம், பச்சை அம்பு, நடுநடுவே இங்கிலீஷ். பெட்ஷீட்டில் இருந்த ரோஜாப் பூக்கள் எல்லா வட்டத்துக்குள்ளும் தெரிந்தன. கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: வீட்டு வாசலில் வண்டி ஏற்ற அவரவர் வாய்க்கால் மேல் சிமெண்டில் போட்டிருக்கும் ஸ்லோப்புகளை இடிக்க வேண்டும். அதற்கடியில்தான் அடைப்பு.

கூட்டத்தில் எல்லாரும் திரும்பி அவரவர் வாசலைப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் ஸ்லோப் என்பது சாதாரண விஷயமா? வீட்டுக்கு வர்ணம் அடிக்காதவன்கூட ஸ்லோப்பை விட்டுக்கொடுக்க மாட்டான். என் ஸ்லோப்பின் ஓரத்துக்கு நானே பட்டறையில் இரும்புப் பட்டை வளைத்து வைத்திருந்தேன்.

எங்கள் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிற அக்கா ஒருவர் உண்டு. இங்கேயே குடியிருப்பவர், வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர். அவர்தான் எழுந்தார். "சார், உங்க வாசல்ல வழவழன்னு கருங்கல்லு போட்டிருக்கீங்களே, அது?"

"அது இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்றார் பேராசிரியர்.

அவ்வளவுதான், ஆள் முடிந்தார். நான் எழுந்து, "படிச்சவங்க புத்தி எப்பவும் இதான். இடிக்கிறது நம்ம வூட்ட, ஏட்டுல எழுதி வைக்கிறது அவரு வூட்ட" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. அப்படி ஒரு கைதட்டல் என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கே தெரு ஒரு முடிவுக்கு வந்தது. இனிமேல் டிகிரி வாங்கிய யாரும் தலைவர் ஆகக்கூடாது.

அடுத்து தலைவர் தேர்தல். இரண்டு பேர் நின்றோம். நான் ஒருவன், இன்னொருவர் ஆட்டோக்காரர். மற்ற ஊரில் வேட்பாளர்கள் தாங்கள் படித்ததைச் சொல்வார்கள். நாங்கள் படிக்காததைச் சொல்லிப் போட்டி போட்டோம். நான் பத்தாவது ஃபெயிலான மார்க்‌ஷீட்டை லேமினேட் செய்து எடுத்துவந்து வீடு வீடாகக் காட்டினேன். கணக்கிலும் அறிவியலிலும் நான் வாங்கியிருந்த மார்க்கைப் பார்த்து ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆட்டோக்காரர் தான் எட்டாவதோடு நின்றதாகச் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. தெரு அவர் பக்கம் சாய ஆரம்பித்தது.

என்னைக் காப்பாற்றியது மீன்கார அக்காதான். "யோவ், கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி கட்டிக்கினு, கையில தட்டு வச்சிக்கினு நீ நிக்கிற போட்டோ உன் வூட்டுல மாட்டியிருக்கே, அது என்னாது?" என்று கேட்டார். ஆட்டோக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. கேட்டரிங் டிப்ளமோ. மனுஷன் பீச் ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறிவிட்டு அப்புறம்தான் ஆட்டோவுக்கு வந்திருக்கிறார். டிப்ளமோ டிகிரியில் சேருமா சேராதா என்று பெரிய விவாதம் நடந்தது. படித்ததெல்லாம் மறந்துவிட்டது, பிரெஞ்சில் நன்றி சொல்கிற மெர்சி ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது என்று அவர் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்து பார்த்தார். எடுபடவில்லை. நான் தலைவரானேன்.

வீட்டுக்கு வந்து மாலையோடு நின்றேன். என் மனைவி நிமிர்ந்து பார்த்து, "தண்ணி வராதுல்ல?" என்றாள்.

"வராது" என்றேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. மீன்கார அக்கா நகராட்சியை இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் 'மேரி' என்றுதான் சொல்வார். அந்த மேரிக்கு நடையாய் நடந்து கழிவு உறிஞ்சுகிற லாரியை வரவழைத்தேன். வந்தவர்கள் வாய்க்காலுக்குள் குழாயை விட்டார்கள். அது முதல் ஸ்லோப்பிலேயே முட்டி நின்றது. இதை எடுத்தால்தான் வேலை நடக்கும், எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஸ்லோப்புக்கடியில் தலையணை. இன்னொன்றில் இளநீர்க் கூடுகள், பள்ளிக்கூடப் பை, கால்பந்து. என்னுடையதற்கடியில் என் பழைய லுங்கி. பெட்ஷீட்டில் பேராசிரியர் மஞ்சள் வட்டம் போட்ட இடம் அத்தனையிலும் அடைப்பு. அந்த ஆள் சொன்னது சரி என்று தெரிந்ததும் எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான் வந்தது.

வேறு வழியில்லாமல் கூட்டம் போட்டேன். எழுந்து பேச ஆரம்பித்தபோது என் வாயிலிருந்து வருவது எனக்கே கேட்டது. "பிரச்சினையோட வேரு எங்கன்னு நாம பார்க்கணும். எல்லாரும் ஒத்துழைப்பு குடுக்கணும். கட்டம் கட்டமா செய்யலாம்." இதெல்லாம் எனக்குள் எப்போது புகுந்தது, எந்த வழியாகப் புகுந்தது, தெரியவில்லை. பின்வரிசையில் பேராசிரியர் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

மீன்கார அக்கா எழுந்தார். "உங்க ஸ்லோப்பு?"

"என்னுது கோடியில இருக்குக்கா. இங்கேருந்து ஆரம்பிச்சு வர்றப்ப, கடைசியில..."

அக்கா என்னை முடிக்க விடவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். "இவரு எப்பய்யா படிச்சாரு?"

சிரிப்பு அடங்கவே இல்லை. நான் மார்க்‌ஷீட்டைத் தூக்கிக் காட்டினேன். "அத மடிச்சு வையி" என்று யாரோ சொன்னார்கள். அங்கேயே என் பதவி போயிற்று. பத்தாவது ஃபெயிலான ஒருத்தனை ரொம்பப் படித்துவிட்டான் என்று இறக்கிய சங்கம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பேராசிரியர் பின்னாலிருந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க, வாங்க" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததை அவளிடம் சொன்னேன். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் பரண் மேலிருந்த சூட்கேஸைக் கீழே இறக்கித் தூசி தட்டி சுவரோரம் நிறுத்தினாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

காலையில் வாசலில் டங் டங் என்று சத்தம். பிரஷ்ஷை வாயில் வைத்தபடி வெளியே ஓடினேன். என் மனைவி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு என் கடப்பாரையால் என் ஸ்லோப்பை இடித்துக்கொண்டிருந்தாள். இரும்புப் பட்டை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"ஏம்மா, என்னைக் கேக்காம..." என்றேன்.

"உங்களக் கேட்டா நீங்க கூட்டம் போடுவீங்க" என்றாள். கடப்பாரையை நிறுத்தவில்லை. "என் சர்டிபிகேட்ட முழுங்குன வாயி இது. இத ஒடச்சாத்தான் எனக்கு ஆறும்."

அப்போதுதான் மீன்கார அக்கா கூடையோடு வந்தார். நின்று பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அடியில நெம்பும்மா, மேல குத்தாத" என்றார். கொஞ்ச நேரத்தில் தன் வாசலுக்குப் போய் தன் மகனை விட்டுத் தன் ஸ்லோப்பை நெம்ப வைத்தார். ஆட்டோக்காரர் வந்தார். அவருக்குத் தன் ஸ்லோப்பைவிட என்னுடையதை உடைப்பதில்தான் ஆசை அதிகம், நன்றாகவே தெரிந்தது. நானும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தேன். என் மனைவி யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் விளக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் தெருவே வாயைப் பிளந்து கிடந்தது. கடைசியில் பேராசிரியரும் கொத்தனாரை அழைத்துத் தன் கருங்கல்லை எடுத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸில் நம்பர் போட்டு அடுக்கி வைத்தார் என்பது வேறு விஷயம்.

லாரி வந்து வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டுப் போனது. அந்த வார முடிவில் மழை பிடித்தது, சும்மா ஊற்றித் தள்ளியது. நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம், சூட்கேஸ் பின்னால் சுவரோரம் நின்றது. தண்ணீர் தெரு முழுக்க ஏறி எங்கள் கேட்டு வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி நின்றது. அப்புறம் சுழித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் எழுந்துபோய் சூட்கேஸைப் பரண் மேல் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

மழை விட்டதும் தெருக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவிதான் தலைவியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "படிச்சவங்க பேசுவாங்க. இந்தப் பொண்ணு வாயத் தொறக்கல, எறங்கி செஞ்சிடுச்சி" என்றார் மீன்கார அக்கா.

அதற்கு முந்தின நாள்தான் அவள் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். ஆட்டோக்காரர் பக்கத்தில் போய் எழுத்துக் கூட்டிப் படித்தார். "எம்.காம்னு போட்டிருக்குதுக்கா."

"யாருது?"

"பேரு அழிஞ்சிருக்கே."

"என்னுதுதான்க்கா" என்றாள் என் மனைவி.

அக்கா அவளையும் பார்க்கவில்லை, சட்டத்தையும் பார்க்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "புருஷன வுட்டுக்குடுக்காம எப்படிப் பேசுது பாரு. நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா, இவரு படிச்ச ஆளுன்னு?"

"அக்கா, சத்தியமா நான் பத்தாவது ஃபெயிலு. மார்க்‌ஷீட்டு இருக்கு, எடுத்தாரேன்" என்றேன்.

"லேமினேஷன் எவன் வேணா பண்ணலாம்" என்றார் ஆட்டோக்காரர். டிப்ளமோவுக்கு அன்றைக்குத்தான் பழி தீர்த்துக்கொண்டார். பேராசிரியர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லாரும் காபி குடித்துவிட்டு, தலைவிக்குக் கை கூப்பிவிட்டுப் போனார்கள். எனக்கு ஒருவரும் கூப்பவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் கேட்டேன். "உனக்குக் கோவமா இல்லியா?"

"இருக்கு" என்றாள். "பஸ்ஸுல நின்னுக்கினே போய்ப் படிச்சேன். மீன் நாத்தம்னு பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. இருக்காதா பின்ன?"

"அப்ப வா, இப்பவே போயி அடிச்சு சொல்லிட்டு வரலாம்."

அவள் காபி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். சட்டம் கொஞ்சம் கோணலாகத் தொங்கியது, அதை நேராக்கினாள்.

"சொல்லுவேன். இன்னும் பின்னாடித் தெரு ஸ்லோப்புங்க எல்லாம் பாக்கி இருக்கு, அத ஒடச்சி முடிக்கட்டும். அதுவரைக்கும் நீங்களே படிச்சவரா இருந்துட்டுப் போங்க."