போத்தலில் வந்த தண்ணீர்

தெற்கே கடை வைத்திருந்து, அந்தக் கடைக்கென்று ஒரு லொறியும் ஓடிய என் பெரியப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: "எஞ்சின் உன்னட்டைக் கேக்கிறது மூண்டே மூண்டு. ஒண்டு எண்ணெய், ஒண்டு தண்ணி..." மூன்றாவது என்னவென்று மறந்துவிட்டேன். காற்றாக இருக்கலாம். மரியாதையாகவும் இருக்கலாம், அவர் அப்படியும் சொல்லக்கூடிய ஆள்தான்.

வேலணையில், குறிகட்டுவான் துறைக்குப் போகிற தெருவோரம் கராஜ் வைத்திருக்கிறேன். பதினாலு வயது வரை தமிழிலும் பிறகு ஜேர்மனியில் டொச்சிலும் படித்து, அந்த நாட்டில் இருபது வருஷம் கார்களுக்குக் கீழே படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவன். இந்தத் தொழிலில் எஞ்சினைவிடக் கெதியாகச் சூடாகிறவன் மெக்கானிக்தான். அதிலும் கூலன்ற் என்கிற, எஞ்சினைக் குளிர வைக்கும் அந்த நிறத் தண்ணீர் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும், மூட வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தைச் செய்யாமல் தப்புவதற்கு மனிதர் எடுக்கும் பிரயாசையில் பாதியைப் படிப்பில் போட்டிருந்தால் தீவெல்லாம் டொக்டர்மார்தான். நீங்களும் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று சனத்தோடு மாரடித்தவர் என்றால், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே வாசியுங்கள்.

சோடாப் போத்தல்

ஒரு நாள் காலை பஸ்ஸால் இறங்கி வந்தவர் ஒரு சோடாப் போத்தலை என் மேசையில் வைத்தார். உள்ளே செம்மண் நிறத்தில் ஏதோ. எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்திருக்கிறாராக்கும் என்று நினைத்தேன். பெயர் சவிரிமுத்து, ஊர் கடலுக்கு அப்பால் நெடுந்தீவு. நாரி நோவால் குனிந்து வலை இழுக்க ஏலாமல் கடல் தொழிலை விட்டு ஒரு பழைய பிக்கப் ஓடுகிறார். போத்தலில் இருந்தது அதன் றேடியேற்றர் தண்ணீர். ஒரு தகரத்தில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்தது. கிணற்றுச் சவர்த்தண்ணியை வருஷக் கணக்காக ஊற்றியிருக்கிறார்.

அவர் பக்கத்துச் சனத்துக்கு அந்தப் பிக்கப்தான் எல்லாம். ஆஸ்பத்திரியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டிய நோயாளியை நெடுந்தீவுத் துறைக்கு ஏற்றி வருவது அது. மற்ற நாட்களில் ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றுவதும் அது. எஞ்சின் போனால் அவர் வீட்டு அடுப்பும் போகும், நோயாளியும் வீதியில். உள்ளதை இறக்கிவிட்டு நல்ல தண்ணியால் மூன்று தரம் கழுவச் சொல்லி, இரண்டு கான் கூலன்ற் கொடுத்தேன். வாகனத்தைக் காட்டாமல் தண்ணீரைக் காட்டி வைத்தியம் கேட்கிற ஆளை வாழ்க்கையில் முதல்தரம் பார்க்கிறேன் என்று நக்கலாகச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"வாகனம் படகிலை ஏறாது தம்பி. வருத்தக்காரனுக்கு வர ஏலாட்டி மூத்திரத்தைக் குடுத்துவிடுறதில்லையோ, அதுமாதிரித்தான்."

நல்ல தண்ணி

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான கிணறுகள் சவர். நல்ல தண்ணி சாட்டிப் பக்கத்தில் இருந்து பவுசர் என்கிற தண்ணி லொறியிலும் கானிலும் வரும். அதனால் எந்த வீட்டிலும் தண்ணீர் இரண்டு சாதி: குடிக்கிறது, கழுவுகிறது. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரின் காரில் இரண்டாவது றேடியேற்றரும் உக்கிப்போய் வந்தது. எந்தத் தண்ணியை ஊற்றுகிறீர்கள் என்றேன். பின் சீற்றில் இருந்த மனைவி முந்திக்கொண்டு, கழுவுகிற தண்ணிதான் என்றார், அதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு.

றேடியேற்றரும் குடிக்கிற சாதிதான், உப்பு அதன் குடலை அரிக்கும் என்று படம் கீறி விளக்கினேன். வாத்தியார் அந்தப் படத்தை விடைத்தாள் திருத்துவதுபோலப் பார்த்தார்.

"சாட்டித் தண்ணியைக் காருக்கு ஊத்தினால் ஊர் சிரிக்கும். கார் என்ன, தேத்தண்ணி போட்டுக் குடிக்கப் போகுதே?"

பச்சையும் றோசாவும்

விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து வந்த குடும்பம் ஒன்று வாடகை வானில் நயினாதீவுக்குப் போகும் வழியில் என் வாசலில் புகைந்து நின்றது. வானை ஓட்டி வந்தது குடும்பத் தலைவர். எஞ்சின் ஆறியதும் திறந்தோம், தண்ணீர் பாதிதான். தன்னுடைய நாட்டில் கார் தானே சொல்லும், அதனால் தான் பார்ப்பதில்லை என்றார். நான் பச்சைக் கூலன்ற் கானை எடுத்தேன். றோசா நிறம்தான் ஊற்ற வேண்டும் என்று போனை என் மூக்குக்கு நேரே பிடித்தார். நிறம் வெறும் சாயம், கானில் எழுதியிருக்கிற வகையைப் பார்க்க வேண்டும் என்றேன். மாமியார் வெயிலில் நின்று வாடினார். பிள்ளைகள் படகு போகப் போகுது என்று சிணுங்கினார்கள். அவர் போனில் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் கடையில் வாங்கிய குடிதண்ணீர் நாலு போத்தலை ஊற்றிக்கொண்டு புறப்பட்டார். போகும்போது என் தோளில் தட்டினார்.

"குறை நினைக்காதையுங்கோ. இஞ்ச இருக்கிற மெக்கானிக்மாருக்கு உந்த நிறங்கள் விளங்காது."

மூடி

சாட்டிக் கடற்கரைக்குச் சனம் ஏற்றி வந்த வான் ஒன்று ஆவி பறக்க வந்து நின்றது. சாரதி குதித்து இறங்கி, ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியில் கை வைத்தார். நான் கத்தினேன். என்னோடு வேலை செய்கிற ராசன் என்னைவிடப் பலமாகக் கத்தினான். மூடி கூரைக்குப் போனது, கொதிதண்ணீர் அவர் கைக்குப் போனது. கையை வாளித் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லி அவரை இருத்தினோம். ஏன் திறந்தீர் என்று கேட்டேன். "தண்ணி முடிஞ்சுதோ எண்டு பாக்கத்தான். முடியேல்லை எண்டு இப்ப தெரியுது" என்றார்.

அன்று பின்னேரமே ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன்: றேடியேற்றர் மூடியில் கை வைக்காதே. ராசன் தள்ளி நின்று வாசித்துவிட்டு, "சூட்டிலை" என்று ஒரு சொல் கூடப் போட்டால் என்ன என்றான். இந்தச் சனத்துக்கு ஒரு சொல் கூடினால் ஒரு சொல்லும் விளங்காது என்றேன். அவன் ஏணியை மடக்கினான்.

"சரி அண்ணை. உங்கடை பலகை, உங்கடை சனம்."

மூன்றாவது போத்தல்

சவிரிமுத்து அண்ணை இரண்டாவது போத்தலோடு வந்தார். பச்சை நிறம், அடியில் மட்டும் பழைய துரு கொஞ்சம். பரவாயில்லை என்றேன். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என் பலகையை வாய்விட்டு வாசித்தார். "ஒருநாளும் கை வைக்கப்படாதோ?" என்று கேட்டார். நான் ஒரு காருக்குக் கீழே கிடந்தேன். கிடந்தபடியே "ஒருநாளும்" என்றேன். வெளியே வந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் மூன்றாவது போத்தல் வந்தது. கானில் இருந்து நேரே ஊற்றியது போல, துரு ஒரு துளியும் இல்லை. பழைய எஞ்சினில் ஓடிய தண்ணீர் அப்படி வராது. வாத்தியாரையும் வெளிநாட்டுக்காரரையும் பரிகசித்த நான் அதை வெளிச்சத்தில் பிடித்து ராசனுக்குக் காட்டி, நான் சொன்னதைக் கேட்கிற ஒரே மனிதர் இவர்தான் என்று பெருமைப்பட்டேன். இப்படியே ஓடும் என்று போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நீர் சொன்னால் காணும் தம்பி. வாற மாதம் எங்கடை பக்கத்திலை ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்த வேண்டி வரும், அதுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

மதில்

அந்தப் பிள்ளைத்தாச்சியைத் துறைக்கு ஏற்றி வந்த காலையில் பிக்கப் பாதி வழியில் ஆவி கக்கி நின்றது. பின்னால் வந்த லான்ட்மாஸ்டர் என்கிற உழவு மெசின் ஒன்றில், அது இழுக்கிற பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். படகு காத்து நின்றிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்தது, இருவரும் சுகம் என்ற சேதியோடுதான் எனக்குப் போன் வந்தது. ஸ்பானர், ஜாக்கி என்று ஆயுதங்களை எடுத்துக்கொண்டு ராசனோடு அடுத்த படகில் போனேன். மூன்று போத்தல் தண்ணீர் பார்த்த பிறகு, அந்தப் பிக்கப்பை அன்றுதான் முதலில் பார்க்கிறேன்.

றேடியேற்றருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் பூட்டியிருக்கும். றேடியேற்றரில் குறைந்தால் அதிலிருந்து இழுத்துக்கொள்ளும். அது கோடு வரை நிறைந்து, பச்சைப் பசேலென்று, விளம்பரத்தில் வருவது போல இருந்தது. மூடியைத் திறந்தேன். றேடியேற்றருக்குள் ஒரு சொட்டும் இல்லை. மூடியின் றப்பர் உக்கியிருந்தது, அதனால் இழுக்கவில்லை. கீழ்க் குழாயில் மயிர் அளவு வெடிப்பு, தண்ணீர் ஒழுகிப் போன வழி அதுதான். எஞ்சினின் மேல் பாகமான ஹெட் சூட்டில் வளைந்துபோயிருந்தது. மூன்றாவது போத்தலுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்று நான் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூடியைத் தொடக் கூடாது என்பதால் பிளாஸ்டிக்கில் இருந்து எடுத்திருக்கிறார். ஊற்றியதும் அதற்குள்தான்.

ராசன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். சவிரிமுத்து அண்ணை கல் மதிலில் சாய்ந்து நின்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

"நான் மூடியிலை கை வைக்கேல்லை தம்பி. நீர் எழுதினபடிதான் நடந்தனான்."

ஹெட்டைக் கழற்றிப் படகில் கொண்டுவந்து, பட்டறையில் சீவி, திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டி முடியும் வரை மூன்று கிழமை அவருக்கு ஓட்டம் இல்லை, அந்தப் பக்கத்து நோயாளிகள் லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் துறைக்குப் போனார்கள். பலகையைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை கராஜைப் பூட்டிவிட்டு, அந்தப் பிக்கப்பின் மூடியை நானே திறந்து பார்க்கக் காலைப் படகில் நெடுந்தீவுக்குப் போகிறேன்.