ஜாமீன் போட்ட ரேடியோ

அந்த நோட்டீஸ் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் நின்று, "சார், ரிஜிஸ்தர் வந்திருக்கு, கையெழுத்துப் போடணும்" என்றார். எனக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பக்கூடியவர் யாரும் கிடையாது. பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரமாகப் போய்ப் பிரித்தேன்.

திருச்சியில் ஒரு வசூல் ஏஜென்சி அனுப்பியிருந்தது. மற்ற கம்பெனிகளுக்கு வராமல் நிற்கும் பாக்கியை வசூலித்துக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வது அவர்கள் தொழில். என்னோடு வேலை பார்க்கும் வாத்தியார் தவணையில் வாங்கிய ரேடியோவுக்கு ஐந்து மாதமாகப் பணம் கட்டவில்லை. ரேடியோ கம்பெனி அந்தப் பாக்கியை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் நான் பதினைந்து நாளில் கட்ட வேண்டும். தவறினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதுவார்கள்.

படித்ததும் பயம் வந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். இத்தனை வருஷம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. திருவரங்குளத்தில் நானும் அந்த வாத்தியாரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சம்பளம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பாடம் நடத்துவதில் நான் அவரைவிடக் கெட்டி; இன்ஸ்பெக்டரே அப்படி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகள் அவர் சைக்கிளைச் சுற்றித்தான் ஓடுவார்கள். கடைவீதியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால், எதிரே வருகிறவர் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவரோடு நின்று பேசுவார்.

அவர் ரேடியோ வாங்கப் போவதாகச் சொன்னபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ரேடியோ இல்லை. கரண்டே வரவில்லை, பாட்டரியில் பாடும் பெட்டி அது. கம்பெனி கொடுத்த விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சம்பளக்காரங்க ஜாமீன் வேணுமாம் சார். ஒங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என் வயிற்றெரிச்சல் வெளியே தெரிந்துவிடும் என்று தோன்றியது. அதனால் அழுத்தமாக, அழகாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ரேடியோ வந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் தெருவே அவர் வீட்டில் இருந்தது. இரண்டு மூங்கில் நட்டு நடுவே ஏரியல் கம்பி கட்டியிருந்தார். திருச்சி நிலையத்தில் நாகசுரம் தொடங்கினால் வயலிலிருந்து வருகிறவர்கள் மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நான் நோட்டுத் திருத்தும் வேலை இருப்பதாகச் சொல்லி வீட்டில் இருப்பேன். நாலு வீடு தள்ளி அவர் ஏதோ சொல்வதும், கூட்டம் கொல்லென்று சிரிப்பதும் கேட்கும். சிவப்பு மையில் நான் போடும் மார்க்கு அந்த நேரத்தில் கொஞ்சம் குறைவாகவே விழும்.

எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிதான் காரணம் என்று நினைத்தேன். அது மட்டும் என் வீட்டில் இருந்தால் இந்தக் கூட்டம் என் வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன்.

ஆகவே நோட்டீஸை உடனே அவரிடம் காட்டவில்லை. இரண்டு நாள் பைக்குள் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக நானும் அவர் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். அவர் குமிழைத் திருகிச் சரிசெய்வதையும், எல்லோரும் அவர் விரலையே பார்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இது கடன் பெட்டி என்று இந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு வெல்லம் மாதிரி இனித்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நீட்டினேன். முகம் வாடும் என்று காத்திருந்தேன். அவர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

"அட, ஒங்களுக்கும் வந்திருச்சா? எனக்கு மூணு வந்திருச்சு சார். என் தங்கச்சி பெரியாஸ்பத்திரியில கெடந்தாள்ல, அதுல சம்பளம் பூரா அங்கிட்டே போயிருச்சு. ஒங்க வரைக்கும் வரும்னு நெனைக்கலை. மன்னிச்சுக்கங்க, எப்படியும் கட்டிருவேன்."

அவர் கட்டுவதற்குள் ஏஜென்சி ஆள் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். கக்கத்தில் தோல் பை, கையில் குடை. புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, கடன் வாங்கியவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். நான் வாசலிலேயே அவரை மறித்தேன்.

"வாங்குனவரு உள்ள இருக்காரு, அவருகிட்டப் போய்க் கேளுங்க. என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

"ஜாமீன்தாரைக் கேட்டாத்தான் சார் பணம் வரும்" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவருக்குக் கட்டத் தெரியாதா? போர்டு ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதுனா ஒங்க சர்வீஸ் என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் மொய்த்துவிட்டார்கள். பதினொரு வருஷ சர்வீஸில் நான் அப்படிக் கூனிக் குறுகி நின்றது கிடையாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வீட்டு வழியாகத்தான் வர வேண்டும். உள்ளே பார்த்தேன். அந்தத் தோல் பைக்காரர் பாயில் சம்மணம் போட்டு இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நம்ம வாத்தியார் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே ஏதோ சொல்ல, அவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

கடன் வாங்கியவருக்குச் சிரிப்பு. கையெழுத்துப் போட்டவனுக்குத் திட்டு. வசூலுக்கு வந்தவன்கூட அவரோடுதான் ஒட்டிக்கொள்கிறான் என்றால், அந்த மனிதரிடம் அப்படி என்ன இருக்கிறது?

அடுத்த தடவை அந்த ஆள் நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அவுக இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். தெருவில் நின்று நாலு பேர் கேட்கப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்ததும் அவள் சொன்னாள்:

"இனி ஒரு தடவை இப்படி நடந்தா என்னால தெருவுல தலைகாட்ட முடியாது. அந்த அண்ணனைக் கூப்பிட்டு ரெண்டுல ஒண்ணு பேசிருங்க."

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்ன, உள்ளே கிடந்ததுதான். வெளியே வர ஒரு சாக்குக் கிடைத்தது. அவர் வீட்டுக்குப் போய், பாக்கி முழுவதையும் மீதித் தவணையையும் நானே கட்டிவிடுகிறேன், ரேடியோ என் வீட்டுக்கு வர வேண்டும் என்றேன்.

முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றாள். பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதுதான் சார் நியாயம். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

பணத்துக்கு நான் எங்கே போவேன்? என் மனைவியின் சங்கிலியைக் கேட்டேன். கழற்றிக் கையில் கொடுத்தாள். "ஜாமீன் கடனுக்குன்னு வெளிய சொல்லிக்கங்க. என்கிட்டச் சொல்லாதீங்க. அந்தப் பெட்டி அவுக வீட்டுல இருக்குறது ஒங்களுக்குப் பொறுக்கலை" என்றாள். சங்கிலியை அடகு வைத்து ஏஜென்சிக்கு மணியார்டர் செய்தேன்.

பெட்டியை அவரே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே கூரை ஏறி ஏரியல் கட்டினார். என் மனைவியிடம், "பாட்டரியைத் தரையில வைக்காதீங்க தங்கச்சி, ஈரம் ஏறிரும்" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்சம் முகத்தைச் சுளித்திருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை குத்தலாகப் பேசியிருக்கக் கூடாதா? சிரித்தபடியே அவர் படி இறங்கிப் போனது எனக்கு அவமானமாக இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் இரண்டு பாய் விரித்து வைத்தேன். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். நான் செருப்பை வரிசையாக விடச் சொன்னேன். பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்றேன். செய்தி வாசிக்கும்போது பேச்சுக்கொடுத்த பெரியவர் ஒருவரை, "கேக்க வந்தா கேளுங்க" என்று அதட்டிவிட்டேன். மறுநாள் எட்டுப் பேர். அந்த வாரக் கடைசியில் வந்தவர்கள் இரண்டு பேர், அவர்களும் செய்தி முடிந்ததும் எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அவர்கள் அவரவர் வீட்டில் இருந்திருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. அவர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அங்கே ஒன்றும் இல்லை. பழைய பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு அவர் வாசிப்பாராம், நடுநடுவே ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிக் குரலை மாற்றி ஊர்ச் செய்தி சொல்வாராம். யாருடைய மாடு யார் வயலில் மேய்ந்தது, யார் வீட்டில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார் என்றெல்லாம். என் பையனே வந்து சொன்னான். ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் நாலு வீடு தள்ளி அந்தச் சிரிப்பு கேட்டது.

கணக்கு முடிந்த கடிதத்தைக் கொடுக்க ஏஜென்சி ஆள் கடைசியாக ஒருமுறை வந்தார். மரியாதையாகத்தான் நீட்டினார். வாங்கிக்கொண்டு, மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"என்னை அன்னைக்கு அவ்வளவு பேருக்கு முன்னாடி கேவலப்படுத்துனீங்க. அவரு வீட்டுல மட்டும் எப்படி ஒக்காந்து சாப்பிட்டீங்க?"

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவரையும் கேட்டேன் சார். ஒங்களைக் கேட்டதைவிடக் கடுசாவே கேட்டேன். 'ஆமா, தப்புதான், கட்டலை. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல ஒக்காருங்க'ன்னாரு. காலையில ஒரு டீ குடிச்சதோட வந்தவன் நான். எனக்கு வேற எந்த வீட்டுல எலை போடுவாங்க?"

"அவரு வீட்டுல இருப்பாரா? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்று இறங்கிப் போனார். இப்போதாவது உள்ளே வாங்க என்று நான் சொல்லியிருக்கலாம்.

இதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து அவர் ஒரு கவரில் பணம் வைத்து என்னிடம் கொடுக்கத் தொடங்கினார். "ஒங்களுக்கு நஷ்டம் வரக்கூடாது சார்" என்றார். முடிந்தபோது ஐந்து ரூபாய், முடியாதபோது இரண்டு. நான் வாங்கிக்கொண்டேன். பெட்டி என் வீட்டில் இருக்கும்போது இந்தப் பணம் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அது நடந்தது. சங்கிலி மீண்டு என் மனைவி கழுத்துக்கு வந்தது. அன்று அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "இப்ப அந்த ரேடியோ யாருது?" என்று மட்டும் கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதே வருஷம் அவருக்குக் கடலோரத்தில் ஜெகதாப்பட்டினம் பக்கம் மாற்றல் வந்தது. அவர் வண்டி கட்டிய அன்று நான் வேண்டுமென்றே பள்ளிக்கூடத்தில் வேலை வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாடத்தில் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. கூரையில் கம்பியும் இல்லை.

"அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் வண்டியில ஏத்திவிட்டேன். நீங்க கொடுக்கச் சொன்னதாச் சொன்னேன்" என்றாள் என் மனைவி.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். நான் கொடுக்கச் சொன்னதாக அவள் சொன்ன அந்தப் பொய் என் வாயை அடைத்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கார்டு வந்தது. கடலுக்குப் போகிறவர்கள் காற்று மழைச் செய்தி கேட்க விடியற்காலையிலேயே வந்துவிடுகிறார்களாம், வீட்டில் கால் வைக்க இடமில்லையாம், லீவில் நாங்கள் குடும்பத்தோடு வர வேண்டுமாம். என் மனைவி கார்டைப் பையனிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் நோட்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகம் தெரியாத அந்தக் கூட்டம் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அன்று ஒரு நோட்டைக்கூட நான் திருத்தவில்லை.