டிக் போட்ட தாள்

லோர்னா பாவ்லிக் இருபத்தோரு வருடமாக ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஹார்லன்ஸ் ஃபெரியில் உருக்காலை மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகாதவர்களின் பிள்ளைகள் எல்லாரும் அவளிடம்தான் படித்தார்கள். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த ஜூலையில் பார்த்தார்கள்.

வாசிப்புக் கற்பித்தலில் முதுகலை முடித்தால்தான் வாசிப்பு டீச்சர் வேலை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நாற்பத்தாறு வயதில், கோடை விடுமுறையில், கல்லூரிக்குப் போனாள். வகுப்பெடுத்தவர் டாக்டர் ஹென்ஷா. வேலைக்குச் சேர்ந்த வருடம் அவளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவர்தான்.

பிள்ளை ஒரு வார்த்தையில் நின்றால் படத்தைப் பார்க்கச் சொல், எது பொருந்துமோ அதை ஊகிக்கச் சொல் என்று அன்று கற்றுக்கொடுத்தார். எழுத்துக்கு எழுத்து ஒலி சொல்லிக் கூட்டித்தான் வாசிக்க வைக்க வேண்டும், ஊகிக்க விட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று இன்று சொன்னார். மாற்றிச் சொல்கிறோமே என்று ஒரு இருமல்கூட இல்லை.

பக்கத்தில் இருந்த கார்லீன் டீச்சர் முழங்கையால் இடித்தாள். "அப்ப இத்தன வருஷமா நாம என்னத்தடி கிழிச்சோம்?"

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பைக்குள் பழைய தாள் ஒன்று இருந்தது.

படிப்புக்காக ஒரு குழந்தைக்கு ஆறு வாரம் தனியாக வாசிக்கக் கற்றுக்கொடுத்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை இல்லையென்றால் பட்டம் இல்லை. லோர்னா தன் வகுப்புப் பிரின்லியைத் தேர்ந்தெடுத்தாள். முந்தின வாரம், அனுமதிப் படிவத்தோடு பிரின்லியின் அம்மா கிரிஸ்டலைத் தேடி முதியோர் இல்லத்துச் சலவை அறைக்குப் போனாள். கிரிஸ்டலும் அவளிடம் படித்தவள்தான், முதல் வருடத்து மாணவி. படிவத்தை அவள் பார்க்கக்கூட இல்லை.

"எங்க மிஸ் கையெழுத்துப் போடணும்? கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்." லோர்னா காட்டின இடத்தில் போட்டாள்.

கிரிஸ்டலுக்கு இருபத்தாறு வயது. அவள் கண்ணாடி போட்டு லோர்னா ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து பழைய அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்தாள். பயிற்சிக்காக ஆறு வயதுக் கிரிஸ்டலை வாசிக்க வைத்து, வார்த்தைக்கு வார்த்தை குறித்த தாள் கிடைத்தது. புத்தகத்தில் இருந்தது 'குதிரை'. படத்தைப் பார்த்துக் குழந்தை சொன்னது 'மட்டக்குதிரை'. பொருள் சரி என்று லோர்னா டிக் போட்டிருந்தாள். அப்படியே பக்கம் முழுக்க. ஓரத்தில் ஹென்ஷாவின் பச்சை மை: 'அருமை. இந்தக் குழந்தை வாசிக்கிறாள்.'

இப்போது வகுப்பில் எழுந்து போய் அந்தத் தாளை ஹென்ஷாவின் மேசையில் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அன்னிக்கு எல்லாரும் நம்புனது அதத்தாம்மா. அறிவு வளருது. உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, மதிப்பெண் உண்டு."

"மதிப்பெண்ணா?" லோர்னாவின் குரல் வாசல் வரை கேட்டது. "இந்தத் தாள்ல இருக்கிற பொண்ணு இப்ப துணி வெளுக்கிறா. சோப்பு டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு வாசிக்கத் தெரியாது. நீங்க ஒரு வார்த்த, 'தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்'னு சொல்ல மாட்டீங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். லோர்னா தாளை எடுத்துக்கொண்டு நேரே சலவை அறைக்குப் போனாள்.

"கிரிஸ்டல், உனக்கு வாசிக்க வராதது உன் தப்பு இல்லம்மா. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு." தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

கிரிஸ்டல் மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே எறிந்தாள்.

"மண்டு, மண்டுன்னு என்னை நானே சொல்லிக்கிட்டு இருந்தேன் மிஸ், இருபது வருஷமா! பத்தாவதோட ஓடிவந்தது எதுக்குன்னு நெனச்சீங்க? இப்ப எம்பொண்ண வச்சுப் பட்டம் வாங்க வந்திருக்கீங்க. நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பேப்பர இங்க குடுங்க!"

லோர்னா பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். கிழித்துவிடுவாள், பட்டம் அதோடு போயிற்று என்று நினைத்தாள். ஆனாலும் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

கிரிஸ்டல் அதை மேசையில் விரித்தாள். "வாசிங்க. நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு எனக்குத் தெரியணும். விரல வச்சு வாசிங்க."

லோர்னா ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து வாசித்தாள். உலர்த்தும் இயந்திரம் ஓடி நின்றது. கடைசி வரி வந்தது: 'குழந்தையின் பெயரும் குடும்பத்தின் பெயரும் மறைக்கப்படும்.'

"யாருக்காக மறைக்கணும்?" என்றாள் கிரிஸ்டல். "எம்பொண்ணு பேர மறைச்சிக்கோங்க. அவ சின்னவ. எம்பேர மறைக்காதீங்க. இந்தப் பழைய தாளையும் உங்க அறிக்கைக்கு முன்னாடி வச்சுத் தையுங்க. அந்த ஆளு மொதல்ல அதப் படிக்கட்டும்."

லோர்னா பேனாவை எடுத்து அந்த வரியில் 'குடும்பத்தின் பெயரும்' என்பதை அடித்தாள். பக்கத்தில் கிரிஸ்டல் டோம்பெக் என்று எழுதினாள். கிரிஸ்டல் குனிந்து அதைப் பார்த்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு வாசிக்கத் தெரியும்.